பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

எங்கள் பக்கத்துப் பள்ளி எட்டாம் வகுப்போடு கதவைச் சாத்திக்கொள்ளும். மேலே படிக்கப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் பெரிய பள்ளி, அதை ஒட்டியே கல்லூரி, எல்லாம் உண்டு. ஆனால் அங்கே குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இடமாம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் அந்தப் பக்கத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டை எங்கள் வீடு என்று சொல்லி மகளுக்கு இடம் கேட்டோம். பள்ளியிலிருந்து நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தையல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளின் துணிமணி, செருப்பு, பல் துலக்கும் பிரஷ் வரை கொண்டுவந்து நாத்தனார் வீட்டில் பரப்பினேன். என் வீட்டுக்காரரை அழைத்து வரவில்லை. அவர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

வந்த அம்மாள் சாதுவாகத்தான் தெரிந்தார். கூடத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"புழுக்கமா இருக்கு. ஃபேனைக் கொஞ்சம் போடுங்களேன்."

சுவரில் வரிசையாகச் சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினேன், வாசல் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினேன், அடுத்த அறையில் ஏதோ உறுமியது. சொந்த வீடென்றால் இருட்டிலும் கை தானாகப் போகுமே! நாத்தனார் எழுந்து வந்து ஒரே தட்டில் ஃபேனைப் போட்டார்.

"இவளுக்கு எப்பவும் ஞாபக மறதி" என்று சமாளித்தார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் மகளைப் பார்த்தார்.

"நீ எங்கம்மா தூங்குவ?"

"உள் ரூம்ல, ஜன்னலோரமா."

"அம்மா எங்க தூங்குவாங்க?"

இதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. மகள் நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சீட்டு கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன்.

"பயப்படாதீங்க, இந்த மாதிரி நாடகம் தினமும் பாக்கறதுதான்" என்றார் அவர். "பெத்தவங்க எங்க இருந்தாலும் எங்களுக்குக் கவலையில்ல. பிள்ளை இங்க இருக்கணும், அவ்வளவுதான். இவங்க அத்தைதானே? அத்தை வீட்ல தங்கிப் படிக்கிறாள்னு எழுதிடறேன். ஆனா நிஜமாவே தங்கணும். சொல்லாம வந்து பாப்போம். இல்லைன்னா சீட்டு போயிடும்."

"எதுவரைக்கும் மேடம்?"

"படிப்பு முடியறவரைக்கும்."

"அதுக்கென்ன, என் பொண்ணாட்டம் பாத்துக்கறேன்" என்றார் நாத்தனார். தங்கமான மனுஷி. பார்த்துக்கொள்வார் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் வலித்தது.

"சரிங்க மேடம்" என்றேன்.

அவர் போன பிறகு நானும் கிளம்பினேன். மகள் வாசல்வரை வந்தாள்.

"இன்னிக்கே இருக்கணுமாம்மா?"

"இன்னிக்கே வந்து பாத்தாங்கன்னா?"

அடம் பிடிப்பாள், நானும் வருகிறேன் என்று அழுவாள் என்று காத்திருந்தேன். அழுதால் இந்தப் படிப்பே வேண்டாமென்று கூட்டிப் போய்விடுவேன் என்றும் தோன்றியது. அவள் அழவில்லை. என் புடவைத் தலைப்பை மட்டும் சரிசெய்துவிட்டாள்.

"நீ அடிக்கடி இங்க வராதம்மா" என்றாள். "வந்தா நான் உன்கூடவே வந்துடுவேன்."