மேடையைப் பார்த்த குழாய்

மைக் செட் தங்கவேலுக்குப் பேச்சே பிடிக்காது. ஊரார் பேச்சைப் பெருக்கிக் கொடுத்துச் சோறு தின்பவன், வீட்டில் வாயைத் திறப்பது அந்தச் சோற்றுக்கு மட்டும்தான் என்று அவன் மனைவி சொல்வாள்.

அன்று சாயங்காலம் அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே கூட்டம். அந்தப் பக்கம் மின்கம்பமே கிடையாது. அதனால் ஆம்ப்ளிஃபயரைக் கார் பேட்டரியில் மாட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"உங்கள் குடிசைகளில் மின்விளக்கு எரியும்வரை நான் ஓயமாட்டேன்!" என்று முழங்கினார் தலைவர் வெள்ளைத்துரை.

அந்தக் கூட்டத்தில் அதை அப்படியே நம்பியவன் தங்கவேல் ஒருவன்தான். நம்பியதால் பயந்தான்.

பேட்டரியின் மூடியைத் திருகி எடுத்து, சார்ஜ் பார்க்கும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கிவிட்டு ஆசிட்டை அதற்குள் உறிஞ்சினான். கூட்டம் தொடங்கும்போது கண்ணாடிக்குள் தலை நிமிர்ந்து நின்ற மிதவை, இப்போது கழுத்துவரை முழுகியிருந்தது. இன்னும் இறங்கினால் தகடுகளில் வெள்ளை படியும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. போன வருஷம் வேறொரு தலைவர் இப்படித்தான் பழைய பேட்டரியைப் பேசியே கொன்றார். மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

மேடைப் படியில் நின்ற வட்டச் செயலாளர் கருணாகரனிடம் போனான்.

"அண்ணே, பேட்டரி எறங்கிக்கினே போவுது. தலைவர சீக்கிரம் முடிக்கச் சொல்லுண்ணே. செத்துரும்."

"கட்சிக்காக எத்தினி பேரு உசுரக் குடுக்க ரெடியா கீறான்! உன் பேட்டரி குடுக்காதா? போ நைனா, தலைவரு இப்பத்தான் சூடு புடிக்கிறாரு."

தங்கவேல் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஒலிபெருக்கிக் குழாய்கள் நான்கையும் வெகுநேரம் பார்த்தான். மூன்று ஜனங்களைப் பார்த்திருந்தன. நாலாவது, தலைவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக, மைக் ஊளையிடாதபடி சற்று ஒதுங்கி மேடையைப் பார்த்திருந்தது.

முதல் குழாயின் ஒயரைக் கழற்றினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதைக் கழற்றினான். மூன்றாவதைக் கழற்றியதும், அதன் அடியில் குழந்தையை மடியில் போட்டிருந்த சுப்பம்மா தலையைத் தூக்கினாள்.  இவள் ஒரு சத்தம் போட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

"இன்னா நைனா, புட்டுக்கிச்சா?"

தலையாட்டினான்.

"அத்த அப்டியே உடு. புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு."

தலைவர் தொடர்ந்தார். முன்வரிசைக்கு அப்பால் ஒரு வார்த்தைகூட எட்டவில்லை. கருணாகரன் துண்டை உயர்த்தினார், ஜனங்கள் கைதட்டினார்கள். துண்டு இறங்கியது, நிறுத்தினார்கள். குழாய்கள் நன்றாக அலறிய நேரத்திலும் அவர்கள் துண்டைப் பார்த்துத்தான் தட்டினார்கள் என்பது தங்கவேலுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. ஆசிட்டை மறுபடி உறிஞ்சிப் பார்த்தான். மிதவை அதற்குமேல் முழுகவில்லை. பேட்டரி பிழைத்துக்கொண்டது.

தலைவர் வியர்வையைத் துடைத்தபடி பின்பக்கம் வந்தார்.

"என்ன அமைதி பாத்தியா கருணாகரா! ஒரு இருமல் உண்டா? நம்ம பேச்சு அப்படியே உள்ள இறங்கிருக்கு. அடுத்த கூட்டத்துக்கும் இதே செட்டுதான். பேட்டரி நல்லாத் தாங்குது, இன்னும் ஒரு மணி நேரம் கூடவே பேசலாம்."

"செத்துரும்னியே நைனா?" என்று இளித்தார் கருணாகரன்.

தங்கவேல் கழற்றிய மூன்று ஒயர்களையும் சுருட்டிப் பெட்டிக்குள் அடியில் போட்டான். மேடையைப் பார்த்த குழாயின் ஒயரை மட்டும், அடுத்த கூட்டத்தில் சட்டென்று கைக்கு வரும்படி, மேலாக வைத்து மூடினான்.