வராத எழுத்து

“அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம், பெரிய பள்ளி மையவாடியில எண்டு போடு. கெதியா அனுப்பு றிஷ்னா. ஆக்கள் ஃபோனுக்கு மேல ஃபோன் எடுக்காங்க.”

றிஷ்னாவுக்கு மூத்தவர் நௌஃபர் நானா நனைந்த கைகளோடு வாசலில் நின்று சொல்லிவிட்டு, வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டும் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

றிஷ்னா மடிக்கணினியைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். அச்சகத்தில் பதினொரு வருடமாகப் பக்கம் அமைக்கிறவள். கற்பிட்டியில் யார் மவுத்தானாலும், அடக்க நேரம் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் அவளிடம்தான் வரும். மேலே போடும் ‘இன்னாலில்லாஹி’ வரியை அவள் அறபில் அடிப்பதில்லை. யாரோ அழகாக எழுதியதைப் படமாக வைத்திருந்து ஒட்டிவிடுவாள். அந்தப் படம் இப்போது அச்சகத்துக் கணினியில் கிடந்தது.

வேறு வழியில்லாமல், தனக்கு வந்த ஆறுதல் செய்தியொன்றிலிருந்து அந்த அறபு வரியைப் பிரதியெடுத்துப் பக்கத்தில் போட்டாள். துண்டு துண்டாக, தலைகீழ் வரிசையில் வந்து விழும் என்றுதான் நினைத்தாள்.

விழவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வலமிருந்து இடமாக ஒழுங்காக நின்றன. அவள் எதையும் தெரிவு செய்யவில்லை. மென்பொருள் தானாகவே ஓர் அறபு எழுத்துருவை எடுத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அச்சகத்தார் இதிலும் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றினார்கள். அன்றிலிருந்து அது உள்ளேயே இருந்திருக்கிறது.

வாப்பா சாஹுல் ஹமீது படகு எஞ்சின் திருத்துகிறவர். கடலுக்குப் போகிறவர்கள் ஓதவென்று துஆக்களை அறபிலும் தமிழ்க் கருத்தோடும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி முடித்திருந்தார். சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்றார். நாலு வருடத்துக்கு முன் றிஷ்னா ஒரு பக்கம் அடித்துக் காட்டினாள்.

“பிரிஞ்சி பிரிஞ்சி நிக்கிதே மகள். இத ஓத ஏலாதே.”

“இந்தக் கொம்பியூட்டர்ல அறபு எழுத்து இல்ல வாப்பா.”

அன்றைக்கு அது உண்மை. அதற்குப் பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவள் அதையே சொன்னாள், திறந்து பார்க்காமலே. கல்யாண அட்டை, பாடசாலை மலர், தேர்தல் நோட்டீஸ் என்று எப்போதும் ஏதோவொரு வேலை இருந்தது. போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க, “அந்த எழுத்து வந்திட்டா?” என்றார். கஞ்சியை ஆற்றிக்கொண்டே, “இன்னும் இல்ல வாப்பா” என்றாள்.

“முடிஞ்சா?” நானாவின் குரல் வெளியிலிருந்து கேட்டது.

அனுப்பினாள்.

வாப்பாவைக் கபன் துணியில் சுற்றி முன்னறைக் கட்டிலில் கிடத்திய பிறகு பெண்கள் வந்து நிறைந்தார்கள். பக்கத்து வீட்டு றிஸ்மினா மாமி ஃபோனில் வந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அறபு வடிவா ஈக்கி. நீ அடிச்சதா மகள்? உங்கட வாப்பா அடிக்க ஏலா எண்டுதானே சொல்லுவாரு.”

றிஷ்னா வாயைத் திறக்குமுன் உம்மா சொன்னாள்.

“மெசின்ல இல்லாட்டி இவ என்ன செய்யிற? பாடுபடாமலா இருந்த? தோணிக்காரங்க புத்தகம் எங்க எண்டு கேட்டா அவரு ஏசுவாரு. எண்ட மகள் கண்ணு நோக நோகப் பாக்கிறா, அவசரப்படுத்தாதீங்க எண்டு.”

“உம்மா...” என்றாள் றிஷ்னா.

ஆண்கள் உள்ளே வந்தார்கள். வாப்பாவை வைத்த சந்தூக்குப் பெட்டி தோளுக்கு ஏறியது. கலிமாச் சத்தம் படலையைத் தாண்டி, ஒழுங்கையில் திரும்பி, கேட்காமல் போனது. அழுதவர்கள் ஒவ்வொருவராக மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் நகர்ந்தார்கள்.

“உம்மா, நான்...”

உம்மா அவளைப் பார்க்கவில்லை. “ஃபேன் சும்மா சுத்துது. நிப்பாட்டு மகள்.”

றிஷ்னா எழுந்து போய்ச் சுவிட்சில் விரலை வைத்தாள். வெறுங்கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.