கயிறு கட்டிய இடம்

பொழுது விடிந்ததும் மனோகரன் செய்கிற முதல் வேலை, வீட்டு வாசலுக்கு முன்னால் தெருவைக் கழுவுவது. முழுத் தெருவையும் அல்ல. ஒரு கார் நிற்கிற அளவுக்கு மட்டும். அந்த இடத்தின் நாலு மூலையிலும் சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாக்கள், சுற்றிலும் நைலான் கயிறு, நடுவில் கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகன் விமல் காரில் வந்தால் நிறுத்த வேண்டாமா? தீபாவளிக்கு வருகிறேன் என்றான். பொங்கலுக்கும் அதையேதான் சொன்னான். இடம் மட்டும் தினமும் குளித்துவிட்டுக் காத்திருந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் மனோகரன். மனைவி குணசுந்தரி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். டிவி நாள் முழுக்கப் பேசும். அவரிடம் பேசத்தான் ஆள் இல்லை.

திருவொற்றியூரில் மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் லாரியெல்லாம் அந்தத் தெருவுக்குள்தான் புகும். நடக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதற்காகத்தான் மாநகராட்சி இரண்டு பக்கமும் அகலமான நடைபாதை போட்டு, புங்கங்கன்று நட்டு, இடையிடையே பெஞ்சும் கட்டிக்கொண்டு வந்தது. வாசல்படியை இடிக்கக்கூட மற்ற வீட்டார் சம்மதித்தார்கள். மனோகரன்தான் குறுக்கே விழுந்தார்.

"இன்னாமா இது? என் புள்ள கார எங்க நிறுத்துவான், உன் தல மேலயா?"

மாநகராட்சிப் பொறியாளர் கார்குழலி பொறுமையாகத்தான் சொன்னாள். "ஐயா, இது பொது இடம். மரம் வளர்ந்தா உங்க வாசலுக்கே நிழல். நாலு பேர் உக்காந்து பேசுவாங்க."

"கண்டவனும் குந்திகினு கலீஜ் பண்றதுக்கா? வேலயப் பாத்துகினு போமா."

யார் யாரையோ பிடித்து வேலையை நிறுத்தியும் விட்டார். ஓடி வந்த நடைபாதை அவர் வீட்டுக்கு முன்னால் இறங்கி, அடுத்த வீட்டில் மறுபடி ஏறியது. நடுவில் அவர் கயிறு கட்டிய இடம். மனோகரன் ஜெயித்துவிட்டார். ஜெயித்ததைச் சொல்லிச் சிரிக்கத்தான் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மற்றவர்கள் போகட்டும், தமீமுமா? ஒரே கிரேனில் மாறி மாறி வேலை பார்த்த தோஸ்து. சர்க்கரையால் ஒரு காலை இழந்து வீட்டோடு கிடந்தவர், நடைபாதை வந்த பிறகு சக்கர நாற்காலியில் தினமும் டீக்கடை வரை போய் வந்தார். மனோகரன் வாசலுக்கு வந்ததும் ரோட்டில் இறங்கி, கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று மனோகரன் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு குரல் கொடுத்தால் என்னவாம் இவனுக்கு என்று நெஞ்சு புகையும்.

ஒரு நாள் சாயங்காலம் பிரேக் போடும் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. மனோகரன் ஓடி வந்தார். தண்ணி லாரி கோணலாக நின்றது. அதற்கு ஒரு முழம் தள்ளி சக்கர நாற்காலி கவிழ்ந்திருந்தது, பக்கத்தில் தமீம்.

மனோகரன் வண்டியை நிமிர்த்தி, அவரைத் தூக்கி உட்கார வைத்தார். "ஏன் மாமு ரோட்ல எறங்கின? இவ்ளோ எடம் காலியா கீதே, இதுல வர்றதுதானே?"

தமீம் முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "கயிறு கட்டிகீறியே மாமு. உன் புள்ள வர்ற எடம், நாம ஏன் மிதிக்கணும்? உன் வூட்டாண்ட வந்து குந்தணும்னு எனக்கும் ஆசதான். கயித்தத் தாண்டி இந்த வண்டி எப்டிப்பா வரும்?"

மனோகரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தமீமை வீட்டில் விட்டுவிட்டு வந்து மகனுக்குப் போன் போட்டார். "டேய், கார எடுத்துகினு வாடா. ஒரு தபா, ஒரே ஒரு தபா இங்க நிறுத்திட்டுப் போ."

விமல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நைனா, கார வித்து ஒரு வருஷம் ஆவுது. நீ தெனம் எடத்தக் கழுவி வெக்கிறன்னு சொல்லுவியா, எனக்குச் சொல்ல மனசு வரல. மெட்ரோல வர்றேன் நைனா."

எப்போது என்று மனோகரன் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. குணசுந்தரி இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

மறுநாள் காலையில் அவர் தெருவைக் கழுவவில்லை. கயிற்றை அறுத்துச் சுருட்டினார், டப்பாக்களை உருட்டி ஓரம் கட்டினார். பிறகு அடுத்த தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கார்குழலியிடம் போய் நின்றார்.

"எம்மா, என் வாசல்லயும் போட்டுடுமா."

அவள் ஆச்சரியத்தை மறைக்கவில்லை. "உங்க பையன் கார் வந்தா என்ன செய்வீங்க ஐயா?"

"வராத காருக்கு எடம் புடிச்சி வெச்சிகினு, தெனம் வர்ற மனுசன லாரி முன்னால தள்ளிட்டேன்மா. தெரு இன்னா என் வூட்டு ஹாலா? எல்லாரும் நடக்கணும், குந்தணும், நாலு வார்த்த பேசணும், அதுக்குத்தான் அது. அத நான் ஒருத்தன் கயிறு போட்டுக் கட்னேன். கடேசில யாருமே உள்ள வர முடியாம மாட்டிகினது நான்தான்."

போகத் திரும்பியவர், ஏதோ நினைவு வந்து நின்றார்.

"பெஞ்சு போடுவ இல்ல? அதும் பக்கத்துல கொஞ்சம் எடம் வுடுமா. தமீமு வண்டி நிக்கணும்."