கொசுறாகப் போட்ட கைக்கடிகாரம்

1994இல் சிட்னிப் புறநகரான டூங்கபியில் எனக்கொரு சரக்குக் கிடங்கு இருந்தது. சிட்னிக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஏற்றிவிடுவேன். அந்த மார்ச்சில் ஓர் இத்தாலியக் கடற்படைக் கப்பல் வந்தது. அதற்குச் சாமான் வாங்க வந்தவன் கொராதோ. வயது இருபத்துமூன்று, அதிகாரியாகி எட்டு மாதம், முதல் பொறுப்பே இதுதான்.

மூட்டைக்குள் கைவிட்டு அடிக்கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தான். விலையைச் சொன்னேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனான். கூப்பிட்டுக் கொஞ்சம் குறைத்தேன். மறுபடியும் போனான்.

"மூணாவது தடவ போனா நெசமாவே போயிருவாரு, குடுத்துருங்க" என்றாள் என் மனைவி சுரையா.

வியாபாரத்துக்குப் பேர்போன எங்கள் ஊர் கீழக்கரையில் பிறக்க வேண்டியவன், கடல் மாறிப் பிறந்துவிட்டான்.

பேரம் படிந்தால் கொசுறு போட வேண்டும். வாப்பா காலத்துப் பழக்கம். கேட்காமல், சொல்லாமல் போடுவதுதான் அதற்கு மரியாதை. அவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது புதுக் கைக்கடிகாரம் ஒன்றை அவன் தோள்பைக்குள் போட்டுவிட்டேன்.

மறுநாள் லாரியோடு துறைமுகத்துக்குப் போனால், கேப்டன் அறைக்கு வரச் சொன்னார்கள். கப்பல் ஏறும்போது எல்லோர் பையையும் சோதிப்பார்களாம். மேசைமேல் கடிகாரம். எதிரே விறைப்பாகக் கொராதோ. எப்படி வந்ததென்றே தெரியாது என்று சொல்லியிருந்தான்.

"இது நீங்கள் கொடுத்ததா?" என்றார் கேப்டன்.

முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. எதிராளி எதற்குக் கேட்கிறான் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கும்.

"இல்லை" என்றேன்.

அவர் எழுதத் தொடங்கினார். கொராதோ என்னைப் பார்த்தான். கோபமில்லை. அழுகின கிழங்கைக் கையிலெடுத்தவன் பார்க்கிற பார்வை. அங்கே எழுதப்படுவது அவன் பிழைப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னுடையதுதான். அவருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பழக்கம் அது" என்று கொட்டினேன்.

"இல்லை என்று சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை. இவருக்காக ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள்?" பேனா நிற்கவில்லை.

விலையென்றால் இரண்டாவதாகச் சொல்வதைத்தான் நம்புவார்கள். அந்த அறையில் அது செல்லவில்லை. பொறுப்பைப் பறித்து, லஞ்சம் வாங்கினானா என்ற விசாரணைக்காக அவனை ஊருக்கு அனுப்புவதாக முடிவானது.

இறங்கும் வழியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் என் லாரியைக் காட்டினான்.

"இடதுபக்கம் அடியில் இரண்டு வெங்காய மூட்டை ஈரம். தண்ணீர் சொட்டுகிறது. ஏற்றாதீர்கள்."

அவை நனைந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடியில் வைத்திருந்தேன்.

கூலியாளை விலகச் சொல்லிவிட்டு, இரண்டையும் நானே தோளில் சுமந்து இறக்கினேன். அவன் அங்கே நின்று பார்க்கவில்லை.