வாளியில் வந்த கார்னேஷன்

"இது நம்ம தோட்டத்துப் பூ இல்லீங்களே?"

"யாருக்குத் தெரியப்போகுது? சும்மா சிரிச்ச மாதிரி நில்லு காயத்ரி."

"பாக்கறவங்க நம்மளுதுன்னுதானுங்களே நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். நமக்குப் புது நாத்து சும்மாவே தர்றேன்னு பொன்ராஜ் சொல்லியிருக்காப்ல. முந்தானையச் சரி பண்ணு."

தை மாதத்துக் காலையில் லிங்கசாமிக்கும் அவன் மனைவி காயத்ரிக்கும் நடந்த பேச்சு இது. ஒரு கம்பெனியின் பூச்செடிகளை விற்கும் பொன்ராஜ் அன்று ஜீப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்திருந்தான். வாளி நிறைய ரத்தச் சிவப்பில் கார்னேஷன் பூக்கள். குன்னூர்ப் பக்கம் யாரோ பிளாஸ்டிக் கூரை போட்ட கூடாரத்துக்குள் வளர்த்தவை. அவற்றைக் காம்போடு மண்ணில் செருகினான். நடுவில் காயத்ரியை நிறுத்திப் படம் எடுத்தான். எடுத்து முடிந்ததும் பூக்களைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஒரு பூவைக்கூட அவளிடம் விட்டுப் போகவில்லை.

ஆனி மாதச் சாரலில் பாத்திகளுக்கு நடுவே குனிந்து நின்றபோதும் அந்தப் பேச்சுதான் அவள் காதில் ஓடியது.

மலைக் கிராமமான அரவேணுவில் அவர்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலை விலை விழுந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. வாரத்தில் பாதி நாள் ஃபேக்டரி லாரி வரவே வராது. பறித்த இலை சாக்கிலேயே சூடேறிக் கருகிப் போகும். அப்படி ஒரு நாளில்தான் பொன்ராஜ் வழவழப்பான கேட்லாக்கோடு வந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கை அகலப் பூ. லிங்கசாமி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். மறுவாரமே வின்ச் என்கிற கம்பி இழுவைக் கருவியை வைத்துத் தேயிலையை வேரோடு இழுத்துப் போட்டான்.

படத்தில் இருந்தவை கூடாரத்துக்குள் வளர்ந்த பூக்கள் என்று கேட்லாக்கில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தேயிலை நின்ற புளிப்பு மண்ணில், திறந்த வெளியில், மஞ்சும் மழையும் மாறி மாறி அடிக்க அவர்கள் நட்ட செடியில் பூத்தவை வேறு. வெளுத்த ரோஸ் நிறம். ரூபாய்க் காசு அளவு. இதழ்களைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் வெடித்து, இதழெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

உள்ளே பூத்திருப்பது தெரியாதபடி தோட்டத்தைச் சுற்றி லிங்கசாமி அடர்த்தியான பச்சை வலை கட்டினான். "வெளியாள் வந்தா செடிக்கு வியாதி ஒட்டிக்கும்னு கம்பெனி ரூல்" என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்குத் தலைவலி என்றால் தானே அடுப்பு மூட்டி ரசம் வைப்பவன். ஆனால் ஊர் சிரிக்கும் என்கிற பயம் அவனைத் தின்றது. முதல் பூ விரிந்த அன்றே காயத்ரி அவனிடம் ஒன்று கேட்க நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். அதன்பின் தினமும் விழுங்கினாள்.

"ஏம் புள்ள, சினிமாவுல நடிக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லல!"

வலைக்கு வெளியே அங்கம்மா நின்றாள். எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவள். கைக்கு வந்த பணத்தில் பாதை வளைவுக்குக் கீழே கால் ஏக்கர் தேயிலை வாங்கியிருந்தாள். அவள் கையில் இந்த வருஷத்துக் கேட்லாக். அட்டையில் காயத்ரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எம் மவன் முத்துராஜு கிட்ட பூ போடச் சரின்னுட்டேன். கம்பெனிக்காரன் பேச்ச எவ நம்புவா? நம்ம காயத்ரி பொய்யா சிரிப்பாளா? நேத்தே வின்ச் வந்தாச்சு. பாதிச் செடி எடுத்தாச்சு. ஒரு பூ குடு புள்ள, தலையில வெச்சுக்கறேன். கெழவிக்கு வந்த ஆசையப் பாரு!"

காயத்ரி வாய் திறப்பதற்குள் வீட்டு வாசலிலிருந்து லிங்கசாமி முந்திக்கொண்டான்.

"பூவெல்லாம் நேத்தே லோடு போயிருச்சுங்க்கா."

"அடேங்கப்பா! தலைக்கு ஒண்ணு வெக்காம வித்துட்டியா? கஞ்சப் பயலே!" அங்கம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

"அக்காவோட மீதிச் செடியாவது நிக்கட்டுமுங்க" என்றாள் காயத்ரி.

"இப்பப் போய்ச் சொன்னா எம்மூஞ்சி என்ன ஆகும்? பொன்ராஜு நாத்துத் தருவானா?"

"ஆறு மாசமாத் தர்றேன் தர்றேன்னுதானுங்களே சொல்றான்."

காயத்ரி கைக்கு அகப்பட்ட நாலைந்து பூக்களை ஒடித்தாள். வலையைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

அங்கம்மாவின் சரிவில் பாதித் தேயிலை வேரும் மண்ணுமாகக் குப்புறக் கிடந்தது. முறிந்த வேரில் சாரல் விழுந்து செம்மண் கரைந்து சிவப்பாக வடிந்தது. அங்கம்மாவின் மகன் முத்துராஜ் அடுத்த செடிக்கு வின்ச் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுதான் எங்க பூவு."

அங்கம்மா வாங்கிப் பார்த்தாள். கேட்லாக்கைப் பார்த்தாள். காயத்ரியைப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"வாளியில கொண்டாந்து செருகினதுங்க்கா."

அங்கம்மா திட்டவில்லை. கவிழ்ந்து கிடந்த செடி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிமிர்த்தப் பார்த்தாள். அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது.

"நேத்துக் காலையில சொல்லியிருந்தீன்னா எல்லாமே நின்னுருக்கும் புள்ள."

"மீதிய விட்டு வைங்க முத்துராஜு" என்றாள் காயத்ரி.

"பாதியில என்னக்கா கெடைக்கும்? நாலு கிலோ எலைக்கு லாரி நிக்குமா? விட்டாலும் நட்டம், எடுத்தாலும் நட்டம்" என்றான் முத்துராஜ். "அதுவுமில்லாம, நேத்துதான் உங்க ஊட்டுக்காரர் எங்கிட்ட நல்லா வருதுன்னாரு. நான் ஆரு சொல்றத நம்பறது?"

எல்லோரும் திரும்பினார்கள். லிங்கசாமி பாதையில் நின்றிருந்தான். காயத்ரியின் பின்னாலேயே வந்திருந்தான். மேலே பாதையோரம் பொம்மனின் டீக்கடைக்கு வந்திருந்த நாலு பேர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் கையில் அதே கேட்லாக்.

முத்துராஜ் வின்ச்சின் பற்சக்கரத்தை ஒரு பல் இறுக்கினான். கம்பி விறைத்தது. வேருக்கடியில் மண் மெல்ல வாய் பிளந்தது.

காயத்ரி கணவன் அருகில் போனாள். அவன் பார்வை தரையில் இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது மேலே நின்றவர்களுக்கும் கேட்டது.

"ஏனுங்க, ஏமாறாத மனுசங்க ஆருமில்லீங்க. நாம ஏமாந்தத மறைச்சோம், அதனாலதான் இன்னிக்கு இவங்களும் ஏமாந்து நிக்கறாங்க. மொதப் பூ விரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தனுங்க. இப்பக் கேக்கறேன். இத்தன பேருக்கும் முன்னால, உங்க வாயால சொல்லுங்க. நாம ஏமாந்துட்டோம்னு சொல்லுங்க."