பூங்கோதையின் முகம்

சும்மா சொல்லக்கூடாது, பூங்கோதை தன் அப்பாவுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. வடக்கே, தலைநகரில், சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த இரண்டே அறையில் வெயில் விழுகிற அறை நல்லசிவத்துக்குத்தான். வேளாவேளைக்கு மாத்திரை, குளிருக்குப் பஞ்சு வைத்துத் தைத்த புது ரஜாய், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேடி வாங்கிய புழுங்கலரிசிச் சோறு. வேறென்ன வேண்டும் ஒரு மனுஷருக்கு?

போன வருஷம் அவருக்குக் காது அடியோடு போய்விட்டது. மெஷின் வாங்கிக் கொடுத்தாள். கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அவசியமானதை மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவாள். மற்றபடி மகளின் முகத்தைப் பார்த்தே அவர் காலம் தள்ளினார். அந்த முகமோ! பஸ்ஸில் நசுங்கி, ஆபீசில் திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்தும் உர்ரென்றே இருந்தது. தட்டை வைக்கும்போதும் உர்ர். மாத்திரையை நீட்டும்போதும் உர்ர்.

அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. தொண்ணூற்றெட்டு ஜனவரியில் கன்பூசியஸின் போதனைகளைத் தமிழில் எழுதச் சொல்லி ஒரு கட்டு மேஜைக்கு வந்தது.

"செத்து ரெண்டாயிரத்தைந்நூறு வருஷம் ஆச்சு, இன்னும் என் உயிரை வாங்கணுமா இந்தச் சீனாக்காரர்?" என்று முனகிக்கொண்டேதான் எழுதினாள். பெற்றவர்களுக்கு உழைப்பதும் சோறு போடுவதும் பெரிய காரியமில்லை, அவர்கள் எதிரில் முகத்தை மலர்ச்சியாக வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று அவர் சொல்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சுரீரென்றது அவளுக்கு. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகினாள்.

சாயங்காலம் வாசலிலேயே சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த நல்லசிவம் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து தன் பையை இழுத்தார்.

"டிக்கெட் கெடச்சிட்டா, தாயி? என்னைக்கு?"

எந்த டிக்கெட் என்று அவள் கையை விரித்தாள்.

"போன தடவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பும்போதும் இப்படித்தான சிரிச்சிக்கிட்டு வந்த." குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. "ஒம்மேல வருத்தமில்லம்மா. நீயும் எம்புட்டுதான் பாப்ப?"

வாஸ்தவம்தான். அந்த டிக்கெட் கன்ஃபார்ம் ஆன அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தவள் அவள். நாசமாய்ப் போக அந்த லட்டு! அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்ததாக அவளுக்கே ஞாபகமில்லை.

காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, 'எங்கேயும் அனுப்ப மாட்டேன் அப்பா' என்று எழுதினாள். எழுதும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்து முகம் கோணிவிட்டது. நீட்டிய தாளை அவர் வாங்கிக்கொண்டார். கண் மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"சரி, சரி, கோவப்படாத தாயி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, படிக்காத தாளை மடித்து, மஃப்ளரோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார்.