அண்ணன் நம்பாத குரல்

என் அண்ணன் ஒரு பத்திரிகையின் வார இறுதிப் பக்கத்தில் கட்டுரை எழுதுகிறான். மனசு, பணம், செல்போன், மனிதர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊருக்கெல்லாம் உபதேசம். போன வாரம் குரல் மோசடி பற்றி எழுதினான். சொந்தக்காரர்கள் குரலைக் கம்ப்யூட்டரில் செய்து பணம் பறிக்கிறார்களாம், அதனால் வீட்டுக்கு வீடு ஒரு ரகசியச் சொல் வேண்டுமாம். உதாரணத்துக்கு எங்கள் வீட்டுச் சொல்லையே அச்சில் போட்டுவிட்டான், மேதாவி.

எனக்கு மருந்துக் கடையில் வேலை. அம்மா, அண்ணன், நான் மூவரும் ஒரே வீடு. அம்மாவின் மாத்திரை டப்பாவை நான்தான் நிரப்புவேன். இன்று காலையும் அரக்கப்பரக்க நிரப்பிவிட்டு ஓடிவந்தேன்.

கடைக்குப் பின் தெருவில் இருக்கும் கிடங்கில் சரக்கு அடுக்கும்போதுதான் பார்த்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை மாதிரியே அதே நீல அட்டை. ஆனால் வீரியம் நான்கு மடங்கு. நேற்று இந்தப் பெட்டியிலிருந்துதான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அம்மாவோ போன வாரம்தான் பிரஷர் இறங்கிக் குளியலறையில் மயங்கி விழுந்தவள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரை போடுவாள். இப்போது சாப்பாட்டு நேரம்.

என் போன் ரிப்பேர் கடையில் கிடந்தது. சரக்கு இறக்க வந்த வேன் டிரைவரின் போனை வாங்கினேன். தெரியாத நம்பர் எதையும் அம்மாவின் போன் எடுக்காது, அதுவும் அண்ணன் செய்த ஏற்பாடு. பகலில் அவன் வீட்டில்தான் இருப்பான், அவனையே கூப்பிட்டேன்.

"அண்ணா, நான்தான். அம்மாவுக்கு மாத்திரை குடுத்துடாத..."

"இரு. சொல்லைச் சொல்லு."

"ஓணான். அண்ணா, நேரமில்ல..."

"அது பேப்பர்லயே வந்துடுச்சு. சின்ன வயசுல நான் உன்னை எங்க பூட்டி வச்சேன்?"

"பீரோவுக்குள்ள!"

"அதையும் எழுதியிருக்கேன்" என்றான் நிதானமாக. "கேளுங்க. புது நம்பர், பதற்றம், அவசரம். மூணும் இருக்கு. அம்மா மருந்தையே நிறுத்தச் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்களா?"

நீ போய் நீங்க ஆகிவிட்டது. என் கூடப் பிறந்தவன் என்னை நீங்க என்கிறான். கத்தினேன், அழுதேன், அவனுடைய பட்டப்பெயரைச் சொல்லித் திட்டினேன். அழ அழ அவன் சந்தேகம்தான் கூடியது. வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், போகவில்லை. நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைக்கு ஓடினேன். மூச்சு வாங்க முதலாளியிடம் சொன்னேன். வீட்டு நம்பரையெல்லாம் கடையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் கடை போனை என் பக்கம் தள்ளினார்.

"நீயே பேசும்மா."

"வேண்டாம் சார். என் குரலைக் கேட்டாலே வச்சிடுவான். நீங்க பேசுங்க. பதறாம பேசுங்க, அதான் முக்கியம்."

அவர் அண்ணன் நம்பரை அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். காலாவதியான இருமல் மருந்தைக்கூடச் சிரித்தபடி விற்கிற மனிதர்.

"வணக்கம் சார், மருந்துக் கடையிலேருந்து பேசறோம். உங்க அம்மாவோட பிரஷர் மாத்திரையில ஒரு தயாரிப்புக் கோளாறு. வேற அனுப்பறோம், அதுவரைக்கும் குடுக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "அம்மா, அதைக் கீழ வைங்க" என்ற குரல். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாங்கிட்டேன் சார். கையில எடுத்துட்டாங்க, தண்ணிதான் குடிக்கல. ரொம்ப நன்றி."

உட்கார்ந்துவிட்டேன். ரகசியச் சொல் இல்லை, கேள்வி இல்லை. யாரோ ஒருத்தர் சொன்ன அப்பட்டமான பொய்யை அப்படியே நம்பிவிட்டான்.

"இன்னொரு விஷயம் சார்" என்றான் அண்ணன். குரல் தழைந்திருந்தது. "என் தங்கச்சி உங்க கடையிலதான் இருக்கா. அவளை மாதிரியே பேசி யாரோ ஏமாத்தப் பார்க்கறாங்க. அழுகைகூட அச்சு அசல். அவகிட்ட பக்குவமா சொல்லுங்க. பாவம், பயந்துடுவா."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"சொல்லிடறேன் சார்" என்றார்.